அவசரக்கார டிரம்போன்

ஒன்பது என்பது சிம்பொனி எழுதுகிறவர்களுக்கு வில்லங்கமான எண். 1824இல் பீத்தோவன் தன் ஒன்பதாவதில் பாடகர் கூட்டத்தையே மேடையேற்றிவிட்டார். அதற்கப்புறம் யார் அந்த எண்ணைத் தொட்டாலும் ஊர் பெரிசா எதையோ எதிர்பார்க்கும்.

1945இல் ஷோஸ்டகோவிச்சின் முறை. சோவியத் ஒன்றியம் ஹிட்லரை வென்ற வருடம். அவருடைய ஏழாவது சிம்பொனி, 1942 ஆகஸ்ட் 9 அன்று முற்றுகையில் பட்டினி கிடந்த லெனின்கிராடிலேயே வாசிக்கப்பட்டது. போரின் இசையைத் தந்தவர் வெற்றியின் இசையையும் தருவார், கோரஸ் இருக்கும், தலைவருக்குப் புகழ்மாலை இருக்கும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவரும் பிரம்மாண்டமாக ஒன்றைத் தொடங்கினார். பிறகு பாதியில் விட்டுவிட்டார்.

நவம்பர் 3 அன்று லெனின்கிராடில் ம்ராவின்ஸ்கி நடத்தி அரங்கேற்றியது வேறொன்று. சுமார் 25 நிமிஷம்தான். கோரஸ் கிடையாது.

முதல் பகுதி ஹைடன் காலத்து இசை போலத் துள்ளலாகப் போகிறது. திடீரென்று டிரம்போன் இரண்டே சுரத்தில், 'ப - ஸ' என்று கட்டியம் கூறுகிறது. யாரோ பெரிய மனுஷர் வரப்போகிறார் என்று நிமிர்ந்து உட்கார்ந்தால், வருவது பிக்கலோ. ஆர்க்கெஸ்ட்ராவிலேயே சின்னக் குழல், விசிலடிச்சுக்கிட்டுப் போற பையன் மாதிரி வருகிறது. பின்பாதியில் டிரம்போனுக்குப் பொறுமை போய்விடுகிறது. மற்றவர்கள் வேறெங்கோ போய்க்கொண்டிருக்கும்போதே திரும்பத் திரும்ப நடுவில் புகுந்து 'ப - ஸ' என்கிறது. தலைவர் வருவதற்கு முன்பே 'வாழ்க' போட்டுவிடும் தொண்டரைப் பார்த்ததில்லையா, அதேதான்.

வெறும் கிண்டல் என்று இதை முடித்துவிடவும் முடியாது. நான்காவது பகுதியில் டிரம்போன்களும் டியூபாவும் தீர்ப்பு வாசிப்பதுபோல முழங்கி ஓய, பஸூன் தனியாக ஒப்பாரி வைக்கிறது. அப்புறம் இடைவெளியே விடாமல், அதே பஸூன் அப்படியே ஒரு கோமாளி மெட்டுக்குச் சறுக்கி ஐந்தாவது பகுதியைத் தொடங்கிவிடுகிறது. இழவு வீட்டில் அழுத அதே தொண்டைதான் இப்போது சிரிக்கிறது. எது நிஜம் என்று ஒவ்வொரு தடவையும் குழம்புகிறேன். ரெண்டுமே நிஜமாகத்தான் இருக்கணும்.

ஸ்டாலினைக் கேலி செய்யத்தான் இப்படி எழுதினார் என்று உறுதியாகச் சொல்கிறவர்கள் உண்டு. சுரத்தாளில் அதற்கு ஆதாரம் இல்லை. அங்கே இருப்பது 'ப - ஸ' மட்டும். ஆனால் தண்டிக்க ஆதாரம் தேவைப்படவில்லை. புகழவேண்டிய நேரத்தில் புகழாமல் இருந்ததே போதுமானதாக இருந்தது. 1948 பிப்ரவரியில் தடை செய்யப்பட்ட படைப்புகளின் பட்டியலில் ஒன்பதாவதும் சேர்ந்தது. அவருடைய ஆசிரியர் வேலைகளும் போயின. அடுத்த வருடம் அவரை அமெரிக்காவுக்கு அனுப்பவேண்டி வந்தபோது, தடையைச் சத்தமில்லாமல் விலக்கிக்கொண்டார்கள்.

1953 மார்ச்சில் ஸ்டாலின் இறந்தார். எட்டு வருட இடைவெளிக்குப் பிறகு, பத்தாவது சிம்பொனி அந்த டிசம்பரில்தான் மேடையேறியது.