உரித்தெடுக்கப்படும் நிறங்கள்

ஒரு சாண் நீளமுள்ள பிளாஸ்டிக் கார் ஒன்றை எண்ணிப் பாருங்கள். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்க வீடொன்றின் சாப்பாட்டு மேசையில், பழைய நாளிதழை விரித்துப் போட்டுக்கொண்டு, பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் ஒட்டிச் செய்தது. சிவப்பு எனாமலைத் தூரிகையால் மூன்று நான்கு முறை பூசியிருக்கிறான். கதவின் விளிம்புக் கோடுகள் பெயின்டில் மூழ்கிவிட்டன. பக்கவாட்டில் புடைப்பாக இருந்த காரின் பெயரைப் படிக்க முடியவில்லை. காய்வதற்குள் எடுத்துப் பார்த்த அவசரத்தின் விரல்ரேகை கூரையில் பதிந்திருக்கிறது. அறுபது ஆண்டுகள் கழித்து இத்தகைய காரை வாங்குகிற சேகரிப்பாளர் பெரும்பாலும் முதலில் செய்வது அந்தச் சிவப்பை உரித்தெடுப்பதுதான்.

இதற்கெல்லாம் ஒரு வரலாறு உண்டா என்று வாசகர்கள் கேட்கக்கூடும். உண்டு. பிளாஸ்டிக்கும் பெயின்டும் கடந்துவந்த பாதை அதில் இருக்கிறது. ஒரு பொருளில் எந்த அடுக்கு மூலம், எந்த அடுக்கு அழுக்கு என்று தீர்மானிக்கும் மனித மனத்தின் பாதையும் இருக்கிறது. சுவடிப் பதிப்போடு உறவுள்ளவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதன்று.

இக்கார்களின் பிறப்பிடம் டெட்ராய்ட் வட்டாரம். 1948இல் அங்கே தொடங்கப்பெற்ற ஏ.எம்.டி. நிறுவனத்தின் முழுப்பெயர் ‘அலுமினியம் மாடல் டாய்ஸ்’. ஃபோர்டு கார் ஒன்றின் சிறு வடிவத்தை அலுமினியத்தில் வார்த்து, கார் விற்பனையகங்களுக்கு வழங்கியதே அதன் முதல் பணி. விரைவிலேயே பிளாஸ்டிக்குக்கு மாறியது. அலுமினியம் பெயரில் மட்டும் ஒரு முதலெழுத்தாகத் தங்கிவிட்டது. புதிய கார் வாங்க வருபவரின் பிள்ளை கையில் அக்காரின் சிறு மாதிரியைக் கொடுத்தனுப்புவது அக்கால விற்பனை உத்தி. டெட்ராய்டின் ஜோ-ஹான் நிறுவனமும் இதே தொழிலில் இருந்தது.

1958இல் ஏ.எம்.டி. இம்மாதிரிகளைத் தனித்தனிப் பாகங்களாகப் பெட்டியில் அடைத்து விற்கத் தொடங்கியது. உண்மைக் காரில் இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவு. ஆலையிலிருந்து வரும் வடிவம், ஆசைப்படி மாற்றிய வடிவம், பந்தய வடிவம் என்னும் மூன்றில் எதை வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்பதால் ‘ஒன்றில் மூன்று’ என்று விளம்பரம் செய்தார்கள். அதுவரை ஆலையின் வேலையாக இருந்த நிறம் பூசுதல் இதனால் சிறுவனின் வேலையாயிற்று. இல்லினாய் மாநிலத்து ராக்ஃபோர்டில் இருந்த டெஸ்டர்ஸ் நிறுவனத்தின் சின்னஞ்சிறு எனாமல் புட்டிகள் வீடுகளுக்குள் நுழைந்தன. கலிஃபோர்னியாவில் ஜார்ஜ் பாரிஸ் போன்றோர் உண்மைக் கார்களுக்கு வெள்ளிநிற அடிப்பூச்சின் மேல் ஒளி ஊடுருவும் ‘கேண்டி’ நிறங்களைப் பூசிப் புகழ்பெற்றிருந்த காலம் அது. கண்டு மயங்கிய சிறுவர்கள் அந்த மினுக்கத்தைத் தூரிகையால் எட்ட முயன்றார்கள். மினுக்கம் வரவில்லை, தடிப்பே மிஞ்சியது.

இவ்விடத்தில் வார்ப்படத் தொழிலின் ஒரு நடைமுறையை அறிந்துகொள்வது அவசியம். பிளாஸ்டிக் வார்க்கும் அச்சு எஃகில் வெட்டப்படுவது, பெருஞ்செலவு பிடிப்பது. அமெரிக்கக் கார்களோ அந்நாளில் ஆண்டுதோறும் முகம் மாற்றிக்கொண்டன. ஆகவே மாதிரி செய்வோர், இயன்ற இடங்களிலெல்லாம், சென்ற ஆண்டின் அச்சையே திருத்தி இந்த ஆண்டின் காரை வார்த்தார்கள். திருத்திய அச்சிலிருந்து பழைய கார் திரும்ப வராது. அந்தந்த ஆண்டில் வார்த்தவை மட்டுமே உலகில் உண்டு. அவற்றிலும் பிரிக்கப்படாத பெட்டிகள் அரிது. ஏனையவை சிறுவர்கள் ஒட்டியவை, பூசியவை, தரையில் மோதவிட்டவை. மூல ஓலை மறைந்து, பிழை மலிந்த பிற்காலப் படிகள் மட்டும் கைக்கு வந்த நூலின் நிலைதான் இது. உரித்தல் என்னும் கலை இந்த இழப்பிலிருந்து பிறந்தது.

கலை என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. இக்கார்களின் கூடு பாலிஸ்டைரீனால் ஆனது. 1839இல் பெர்லின் மருந்தாளர் எடுவார்ட் சிமோன், ஸ்டோராக்ஸ் என்னும் மரப்பிசினைக் காய்ச்சி வடித்துக் கண்ட பொருளின் வழித்தோன்றல் அது. ஸ்டைரீன் என்ற பெயரிலேயே அந்தப் பிசினின் நினைவு ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1930களில் ஜெர்மனியிலும் பின்னர் அமெரிக்காவிலும் அது தொழிற்சாலைப் பொருளாயிற்று. தண்ணீருக்கும் ஆல்கஹாலுக்கும் காரங்களுக்கும் அது அசைந்து கொடுப்பதில்லை. ஆனால் டொலுயீன், அசிட்டோன் போன்ற கரைப்பான்கள் பட்டால் இளகிவிடும். பாகங்களை இணைக்கும் பசையே அவ்வாறு பிளாஸ்டிக்கை இளக்கிப் பிணைப்பதுதான். ஆக, பெயின்டைக் கரைப்பவற்றுள் பல கூட்டையும் கரைக்கும். உண்மைக் காரின் பெயின்டை உரிக்க நெடுங்காலம் பயன்பட்ட டைகுளோரோமீத்தேன் இதற்கு நல்ல சான்று. இரும்புத் தகட்டில் அது பெயின்டைக் கொப்புளமாக எழுப்பித் தள்ளும். பாலிஸ்டைரீனில் பட்டால் கூடே குழைந்துபோகும். மனிதரையும் அது விட்டுவைக்கவில்லை. மூடிய அறைகளில் அதன் ஆவியைச் சுவாசித்துப் பலர் இறந்த பின்னர், அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை பெயின்ட் உரிக்கும் பொருளாக அதைப் பொதுமக்களுக்கு விற்பதை 2019இல் தடைசெய்தது. 2024இல் தடையை மேலும் விரித்தது.

எனவே பொழுதுபோக்காளர்கள் வேறு இடங்களில் தேடினார்கள். அவர்கள் கண்டுபிடித்தவை எல்லாம் வேறு வேலைக்கென்று வீட்டில் கிடந்த பொருள்கள் என்பதுதான் இவ்வரலாற்றின் சுவை. முதலில் பிரேக் ஆயில். காரின் மேல் சிந்தினால் பெயின்ட் போய்விடும் என்று எல்லா மெக்கானிக்கும் எச்சரிக்கும் பொருள். அந்தக் குற்றமே இங்கே குணமாயிற்று. கூட்டை அதில் நாள்கணக்கில் ஊறவிட்டுப் பல்துலக்கும் பிரஷால் தேய்த்தார்கள். ஆனால் சில பிளாஸ்டிக்குகள் அதில் ஊறி நொறுங்கும் தன்மை அடைந்தன. மிஞ்சிய நச்சுத் திரவத்தைக் கொட்டுவதற்கும் இடமில்லை.

அடுத்தது ஓவன் கழுவும் நுரை. அதன் உயிர்நாடி காஸ்டிக் சோடா. அக்கால எனாமல்கள் எண்ணெயிலிருந்து பெறும் ஆல்கைட் பிசினால் ஆனவை. காரம் அந்தப் பிணைப்புகளை அறுத்துப் பெயின்டைச் சோப்பாக மாற்றிவிடுகிறது. அடுப்பில் படிந்த கொழுப்புக்கு நேர்வதே எனாமலுக்கும் நேர்கிறது. பாலிஸ்டைரீன் மட்டும் தீண்டப்படாமல் எஞ்சுகிறது. பின்னாளில் காஸ்ட்ரால் சூப்பர் கிளீன் என்ற பெயரில் வந்த ஊதாநிறப் பிசுக்கு நீக்கி இதே வழியில் பெயர்பெற்றது. அக்ரிலிக் வண்ணங்கள் பரவிய பிறகு அவற்றுக்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலே போதுமானதாயிற்று. பிரிட்டனில் பொம்மைப் போர்வீரர்களின் நிறத்தை நீக்கப் பலர் டெட்டாலை நாடினார்கள். பம்பர்களின் வெள்ளிப்பூச்சோ ஆவியாக்கிப் படியவைத்த அலுமினியம். துணி வெளுக்கும் திரவத்தில் அது மெல்ல மறைந்துவிடும்.

ஒவ்வொரு வழிக்கும் ஓர் எல்லை உண்டு. 1950களின் விற்பனையக மாதிரிகள் பல செல்லுலோஸ் அசிடேட்டால் ஆனவை. ஆண்டுகள் செல்லச் செல்ல வளைந்து திருகிக்கொண்டவை. எனாமலை வெல்லும் அதே காரம் அசிடேட்டையும் தின்னும். அவற்றின் நிறமும் ஆலையே பூசியது, சிறுவன் பூசியதன்று. அங்கே உரிப்பவர் மூலத்தையே உரிக்கிறார். எதைக் கொண்டு நீக்குவது என்பதற்கு முன், நீக்குவது யாருடைய அடுக்கை என்று கேட்டாக வேண்டும்.

பெரிய நிறுவனங்களே இக்கேள்வியில் தவறியிருக்கின்றன. 1937-38இல் பிரிட்டிஷ் மியூசியத்தில், பார்த்தனான் சிற்பங்கள் வெண்மையாக இருந்தாக வேண்டும் என்ற எண்ணத்தில், செம்புக் கருவிகளாலும் கார்போரண்டத்தாலும் அவற்றின் மேற்பரப்பைச் சுரண்டினார்கள். கிரேக்கச் சிற்பங்கள் வெண்மையாக இருந்ததில்லை, வண்ணம் பூசப்பட்டிருந்தன என்பதை அறிஞர்கள் அதற்கு முன்பே அறிந்திருந்தார்கள். அழுக்கு என்று கருதப்பட்டதோடு சேர்ந்து, இரண்டாயிரம் ஆண்டுகளைக் கண்ட மேற்தோலும் போயிற்று.

எதிர்த்திசையில் ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. ஆர்க்கிமிடீசின் நூல்கள் 10ஆம் நூற்றாண்டில் எழுதப்பெற்ற தோல் ஏடு ஒன்றை 1229இல் சுரண்டி, அதன் மேல் பிரார்த்தனைகளை எழுதினார்கள். 1906இல் டேனிஷ் அறிஞர் ஹைபர்க் அடியில் மங்கிக்கிடந்த எழுத்துகளை உருப்பெருக்கியின் துணையால் படித்தார். 1998இல் ஏலம் போன அவ்வேட்டை பால்டிமோரின் வால்டர்ஸ் கலைக்கூடத்தில் பல நிற ஒளிகளில் படம் பிடித்து, மேலெழுத்தை அழிக்காமலே அடியெழுத்தை மீட்டார்கள். பிரார்த்தனை நூலாக மாறியிராவிட்டால் அந்தத் தோல் என்னவாகியிருக்கும் என்பதையும் நாம் எண்ண வேண்டும். அழித்த கையே காப்பாற்றியும் கொடுத்தது.

நம் ஓலையின் இயல்பு வேறு. எழுத்தாணி ஓலையின் தசையைக் கீறுகிறது. கீறலில் தேய்த்த கரி கழுவினால் போகும், கீறல் போகாது. பிழையை அடித்துக் காட்டலாம், இல்லாததாக்க முடியாது. மங்கிய ஏட்டில் மீண்டும் கரி தேய்த்தால் எழுத்து எழுந்து வரும். எனாமலை நீக்கிய கூட்டில் காரின் பெயர் எழுந்து வரும் கணத்தை நான் இதனோடு வைத்தே பார்க்கிறேன். ஒன்றில் கரியைச் சேர்த்தால் படிக்க முடிகிறது, மற்றொன்றில் நிறத்தை நீக்கினால் படிக்க முடிகிறது. இரண்டிலும் பொருளின் உடம்பில் பதிந்தது காத்திருக்கிறது.

அப்படியானால் சிறுவனின் சிவப்பு வெறும் அழுக்குதானா? அச்சு வெட்டியவரின் பார்வையில் ஆம். ஆனால் அச்சு வார்த்துத் தள்ளிய கூடுகள் எல்லாம் ஒன்றுபோல் இருந்தவை. அவற்றை வேறுபடுத்தியது அவரவர் தூரிகைதான். ஒளி படப்படப் பாலிஸ்டைரீன் மஞ்சளாகும். அந்தத் தடித்த பூச்சே கூட்டை வெயிலிலிருந்து மறைத்தும் வைத்தது. உரிப்பதற்கு எதிராக நான் வாதிடவில்லை. பதிப்பாசிரியன் பாடத்தைத் தேர்ந்துதான் ஆக வேண்டும். ஆனால் நீக்கிய பாடத்தை அடிக்குறிப்பில் காட்டுவது அவன் கடமை. உரிப்பதற்கு முன் ஒரு புகைப்படம், மென்மையான கரைசலில் தொடங்கும் பொறுமை, கூட்டின் அடிப்பக்கத்தில் சிறிது நிறத்தை விட்டுவைக்கும் பண்பு ஆகியவை இத்துறையின் அடிக்குறிப்புகள்.

அந்த அடிக்குறிப்பை உரிப்பவர் எழுத மறந்தாலும் சில வேளைகளில் பிளாஸ்டிக்கே எழுதிக்கொள்கிறது. சிவப்பு எனாமலின் சாயம் வெள்ளைப் பாலிஸ்டைரீனுக்குள் ஊடுருவி விடுவதுண்டு. எத்தனை நாள் ஊறவைத்தாலும், எவ்வளவு தேய்த்தாலும், காரின் பெயர் தெளிவாகத் தெரியும் அந்தத் தூய கூட்டின் ஓரங்களில் மெல்லிய இளஞ்சிவப்பு எஞ்சியிருக்கும்.