மாஸ்டா ஆர்எக்ஸ்-7 காரில் வி8 எஞ்சின் மாற்றம்

மாஸ்டா ஆர்எக்ஸ்-7 ஸ்போர்ட்ஸ் காரின் மூன்றாம் தலைமுறை ஜப்பானில் 1991 முதல் 2002 வரை தயாரிக்கப்பட்டது. அதன் வாங்கெல் சுழல் எஞ்சினைக் கழற்றிவிட்டு, அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் தயாரித்த எல்எஸ் வரிசை வி8 எஞ்சினைப் பொருத்துவது பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் செய்யப்படும் எஞ்சின் மாற்றங்களில் பரவலானது. அதிகம் சர்ச்சைக்குள்ளானதும் கூட.

கழற்றப்படும் எஞ்சின் சாதாரணமானதல்ல. ஏறி இறங்கும் பிஸ்டன்களுக்குப் பதிலாக, இடை சற்றே ஒடுங்கிய நீள்வட்ட அறைகளுக்குள் இரண்டு முக்கோணச் சுழலிகள் சுற்றுகின்றன. கொள்ளளவு 1,308 சிசி மட்டுமே. ஆனாலும் ஒன்றன்பின் ஒன்றாக இயங்கும் இரு டர்போக்களின் துணையோடு தொடக்கத்தில் 255 குதிரைத்திறனும், ஜப்பானியச் சந்தையில் 1999இல் 280 குதிரைத்திறனும் தந்தது. 1991இல் மாஸ்டா 787பி லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றது நான்கு சுழலிகள் கொண்ட இதே வகை எஞ்சினால்தான். உருவில் சிறிய இந்த எஞ்சினை முன் அச்சுக்குப் பின்னால் தாழ்வாக வைக்க முடிந்தது. அதனால்தான் பானெட் அவ்வளவு தாழ்ந்தது. முன்பின் எடையும் ஏறக்குறைய சரிபாதியானது. காரின் அழகும் வளைவுகளில் அது காட்டும் லாவகமும் இந்த எஞ்சினிலிருந்தே பிறந்தவை.

ஆனால் அதை நல்லபடி வைத்திருப்பது எளிதல்ல. எரிதல் எப்போதும் அறையின் ஒரே பக்கத்தில் நிகழ்வதால் வெப்பம் அங்கேயே குவிகிறது. சுழலியின் மூன்று முனைகளிலும் உள்ள மெல்லிய சீல்கள்தான் அழுத்தத்தைக் காக்கின்றன. குளிர்விப்பு தவறினாலோ எரிபொருள் உரிய நேரத்துக்கு முன் வெடித்தாலோ சீல் உடைந்து எஞ்சின் முடங்கிவிடும். இதைப் பிரித்துக் கோக்கத் தெரிந்த மெக்கானிக் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை.

அதற்குப் பதிலாக வரும் எல்எஸ் வரிசையின் எல்எஸ்1 எஞ்சின் 1997இல் செவ்ரோலெட் கார்வெட்டில் அறிமுகமானது. 5.7 லிட்டர் கொள்ளளவு, 345 குதிரைத்திறன். சுழல் எஞ்சினின் முறுக்குவிசை ஏறக்குறைய 294 நியூட்டன் மீட்டர் என்றால், இதனுடையது சுமார் 475. பிளாக்கும் ஹெட்டும் அலுமினியம். கேம்ஷாஃப்ட் ஒன்றே ஒன்று. அதுவும் பிளாக்குக்குள் இருந்து தள்ளுகம்பிகள் வழியாக வால்வுகளை இயக்குகிறது. ஹெட்டுகளின் மேல் நான்கு கேம்ஷாஃப்ட் கொண்ட வி8 எஞ்சின்கள் இதைவிடக் குறைந்த கொள்ளளவிலேயே அகலமாகவும் உயரமாகவும் வளர்ந்துவிடும். ஆகவே, பழைய பாணி என்று பலர் ஒதுக்கிய அமைப்பே எல்எஸ்1ஐ ஆர்எக்ஸ்-7இன் ஒடுங்கிய எஞ்சின் அறைக்குள் நுழைய விடுகிறது. டர்போக்களும் இன்டர்கூலரும் வெளியேறிவிடுவதால் எடையும் பெரிதாகக் கூடுவதில்லை. பிக்கப் வண்டிகளின் இரும்பு பிளாக் 5.3 லிட்டர் எஞ்சின் மலிவாகக் கிடைக்கும். ஆனால் அது முன்பக்கத்தைக் கனக்க வைத்து இந்தக் காரின் சிறப்பையே கெடுத்துவிடும்.

வேலையின் கடினம் எஞ்சினை இறக்கி வைப்பதில் இல்லை, அதைச் சுற்றியுள்ளவற்றில் இருக்கிறது. கார்வெட்டில் கியர்பாக்ஸ் பின் அச்சோடு சேர்ந்திருப்பதால் அது இங்கு உதவாது. எனவே ஜெனரல் மோட்டார்ஸின் 1998 முதல் 2002 வரையிலான கமாரோ, ஃபயர்பேர்டு கார்களின் எஞ்சினையும் ஆறு வேக டி56 கியர்பாக்ஸையும் ஒன்றாக எடுப்பதே வழக்கம். அவற்றில் த்ராட்டில் கேபிளால் இயங்குவதால் ஆர்எக்ஸ்-7இன் ஆக்சிலரேட்டர் பெடலோடு இணைப்பதும் எளிது. மாஸ்டா தன் கியர்பாக்ஸையும் டிஃபரன்ஷியலையும் ஒரு நீண்ட சட்டத்தால் பிணைத்திருந்தது. கியர்பாக்ஸ் மாறினால் அந்தச் சட்டம் பயன்படாது. டிஃபரன்ஷியலைத் தாங்க வேறு பிடிப்பு செய்தாக வேண்டும். கூடும் முறுக்குவிசைக்கு ஈடுகொடுக்கப் பலர் டிஃபரன்ஷியலையே மாற்றிவிடுகிறார்கள். முன் துணைச்சட்டம், எக்ஸாஸ்ட், ரேடியேட்டர், பெட்ரோல் பம்ப் ஆகியவையும் மாறும். வயரிங்தான் பொறுமையைச் சோதிக்கும் இடம்: எஞ்சினோடு வந்த கணினியின் கம்பிகளைக் காரின் பழைய கம்பிகளோடு சேர்த்து, ஆர்பிஎம் முள்ளும் ஸ்பீடோமீட்டரும் சரியாகக் காட்டும்படி செய்ய வேண்டும். மாற்றத்துக்குப் பின் எழும் தொல்லைகளில் பல இங்கேதான் தொடங்குகின்றன.

8,000 ஆர்பிஎம் வரை நடுக்கமின்றி ஏறும் சுழல் எஞ்சினின் சீற்றம் வி8இல் கிடைக்காது; கிடைப்பது எந்த கியரிலும் உடனே பாயும் இழுவிசை. சுழல் எஞ்சின் போனால் ஆர்எக்ஸ்-7 என்ற பெயருக்கே பொருளில்லை என்போரின் வருத்தம் நியாயமானது. நல்ல நிலையில் ஓடும் எஞ்சினைக் கழற்றுவது வீண் செயல்தான். ஆனால் எஞ்சின் போய் மூலையில் துருப்பிடிக்கும் காரை மீண்டும் சாலைக்குக் கொண்டுவர இது நேர்மையான வழி.

சட்டத்தையும் பார்க்க வேண்டும்: கலிபோர்னியாவில் காரைவிடப் பழைய எஞ்சினைப் பொருத்த அனுமதியில்லை. எஞ்சினுக்குரிய புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகள் அனைத்தும் உடன் வர வேண்டும். இப்படி மாற்றப்பட்ட காரை வாங்குவதானால் குதிரைத்திறனைக் கேட்பதற்கு முன் பதிவு ஆவணத்தைப் பாருங்கள், வயரிங்கைப் பிரித்துப் பாருங்கள், நெரிசலில் அரை மணி நேரம் ஓட்டி வெப்பமானியைக் கவனியுங்கள். சேசிஸை வெட்டாமல் செய்த காரையே தேர்ந்தெடுங்கள்.