பிரதேச செயலகத்தில் பதவிப் படிநிலையும் தகவல் தொடர்பும்

பதவிப் படிநிலை என்பது, ஓர் அமைப்பில் யார் யாருக்குக் கட்டுப்பட்டவர், யார் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் என்பதை வரையறுக்கும் அடுக்கு முறையாகும். இலங்கையின் பொது நிருவாகத்தில் தகவல் செல்லும் பாதையும் பெரும்பாலும் இதுவே என்பதை, மாத்தளை மாவட்டத்தின் 11 பிரதேச செயலகங்களுள் ஒன்றான கலேவெலவைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். அங்கு கிராம உத்தியோகத்தர் பிரதேச செயலாளருக்கும், பிரதேச செயலாளர் மாத்தளையிலுள்ள மாவட்டச் செயலாளருக்கும் பொறுப்புடையவர்கள். 1992ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கச் சட்டம் அரசாங்க அதிபரிடமிருந்த (அதாவது மாவட்டச் செயலாளரிடமிருந்த) பல அதிகாரங்களைப் பிரதேச செயலாளருக்கு மாற்றியது.

அரச ஊழியர் மேலிடத்துக்கு எழுதும் கடிதத்தில், பெறுநரின் பதவிக்குக் கீழே 'ஊடாக' என்று குறித்துத் தம் அலுவலகத் தலைவரின் பதவியையும் எழுதுவது வழக்கம். தலைவர் தமது சிபாரிசையும் கையொப்பத்தையும் இட்ட பின்னரே அது மேலே செல்லும். இம்முறை பொறுப்பை உறுதிசெய்து எழுத்துச் சான்றையும் விட்டுச்செல்கிறது என்பது உண்மையே. ஆயினும் மேலிருந்து வரும் சுற்றறிக்கை சொல் மாறாமல் கிராமம் வரை இறங்க, கீழிருந்து ஏறும் அறிக்கையோ மேலதிகாரியின் மனக்கசப்புக்கு அஞ்சி ஒவ்வொரு படியிலும் சுருக்கப்பட்டும் மென்மையாக்கப்பட்டும் போக இடமுண்டு. படிநிலையின் மிகப் பெரிய தீங்கு இதுவே.

பிரெஞ்சு நிருவாகச் சிந்தனையாளர் ஹென்றி ஃபயோல் 1916இல் வெளியிட்ட நூலில், மேலதிகாரிகளின் அறிவுடனும் அனுமதியுடனும் ஒரே நிலையிலுள்ள அலுவலர் இருவர் நேரடியாகத் தொடர்புகொள்ளும் 'பாலம்' ஒன்றைப் பரிந்துரைத்தார். கலேவெல, தம்புள்ளை ஆகிய பிரதேச செயலகப் பிரிவுகளின் எல்லையோரக் கிராமங்களில் யானைகள் பயிரை அழிக்கும்போது, செய்தி மாத்தளைக்கு ஏறி மீண்டும் இறங்கக் காத்திராமல் அயற்கிராம உத்தியோகத்தர் இருவர் உடனே பேசிக்கொள்வதை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

தகவல் செல்லும் பாதையில் மொழியும் ஒரு படியாகிவிடுகிறது. 1987இன் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. 1988இன் 16ஆவது திருத்தம் பொதுமக்கள் அரச அலுவலகங்களுடன் தமிழில் தொடர்புகொள்ளும் உரிமையை விரிவாக வகுத்தது. இருந்தும், சிங்களத்தில் இயங்கும் அலுவலகத்தில் தமிழ் மனு மொழிபெயர்ப்புக்காகக் காத்திருக்க நேர்ந்தால், அந்த உரிமை ஏட்டளவில் நின்றுவிடுகிறது.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம், பிரசைகள் இப்படிகளில் ஏறாமல், அரச அலுவலகத்தின் தகவல் அலுவலரிடமே நேரடியாகக் கோரிக்கை வைக்க வழிசெய்துள்ளது. தகவல் வழங்கப்படுமா என்ற தீர்மானத்தை அவர் 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். கோருபவர் காரணம் கூற வேண்டியதில்லை.