வீரபத்ரன் ராமநாதன்: விட்டுப்போனதைக் கணக்கில் சேர்த்த வளிமண்டல விஞ்ஞானி

வீரபத்ரன் ராமநாதன் (பிறப்பு 1944) காலநிலை மாற்ற ஆய்வில் அரை நூற்றாண்டைக் கடந்த வளிமண்டல விஞ்ஞானி. தமிழ்நாட்டில் பிறந்து பெங்களூருவில் வளர்ந்தவர். 1970இல் அமெரிக்கா போனவர். உலகம் சூடாவது பற்றிய பேச்சு முழுவதும் கரியமில வாயுவையே சுற்றிவந்த காலத்தில், அந்தக் கணக்கில் சேராமல் விட்டுப்போன குளிர்பதன வாயு, மேகம், அடுப்புப் புகை ஆகியவற்றை ஒவ்வொன்றாக எடுத்து அளந்து காட்டியது இவருடைய முக்கியப் பங்களிப்பு.

பதினொரு வயதுவரை தமிழ்வழியில் படித்த ராமநாதன், குடும்பம் பெங்களூருவுக்கு மாறியதும் ஆங்கிலவழிப் பள்ளியில் சேர்ந்தார். வகுப்பில் சொன்னது எதுவும் புரியவில்லை. ஆசிரியர் சொல்வதைக் கேட்கும் பழக்கமே விட்டுப்போய், எதையும் தானாகவே யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று என்று பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் முடித்து, செகந்திராபாத்தில் குளிர்பதனப் பெட்டி தயாரிக்கும் ஆலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். பெட்டியிலிருந்து வாயு ஏன் கசிகிறது என்று பார்ப்பது அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலைகளில் ஒன்று. அந்த வேலை பிடிக்காமல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் முதுகலைப் பொறியியல் படித்தார். அங்கிருந்து நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஸ்டோனி புரூக் வளாகத்துக்குப் போனார். பொறியியல் ஆய்வு செய்யத்தான் போனார். ஆனால் வழிகாட்டியான ராபர்ட் செஸ் அந்தச் சமயத்தில் கோள்களின் வளிமண்டலத்துக்குத் தன் ஆய்வை மாற்றிக்கொண்டுவிட்டார். மாணவரும் கூடவே மாறினார். செவ்வாயும் வெள்ளியும் எவ்வளவு வெப்பத்தைப் பிடித்துவைக்கின்றன என்று கணக்கிடக் கற்றுக்கொண்டவர் பூமிக்கு வந்தது அதன் பிறகுதான்.

1974இல் மரியோ மொலினாவும் ஷெர்வுட் ரோலண்டும், குளிர்பதனப் பெட்டியிலும் தெளிப்பான் புட்டிகளிலும் இருக்கும் குளோரோஃப்ளூரோகார்பன் வாயுக்கள் ஓசோன் படலத்தை அரிக்கும் என்று எழுதினார்கள். அப்போது நாசாவின் லாங்லி மையத்தில் இருந்த ராமநாதனுக்கு வேறொரு கேள்வி எழுந்தது: இந்த வாயு வெப்பத்தையும் பிடித்துவைக்குமா? செகந்திராபாத்தில் கசிவு பார்த்தவருக்கு அந்த வாயு புதிதல்ல.

பூமி தன் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிராக வெளியே அனுப்புகிறது. நீராவியும் கரியமில வாயுவும் அந்தக் கதிரில் தங்களுக்கு உரிய பகுதிகளை உறிஞ்சிக்கொள்கின்றன. 8 முதல் 12 மைக்ரான் வரையிலான அலைநீளம் மட்டும் பெரும்பாலும் திறந்தே கிடக்கிறது. குளோரோஃப்ளூரோகார்பன் உறிஞ்சுவது சரியாக அந்த இடத்தில். ஓசூரை அடுத்த பாகலூர், தளி பக்கம் பாலிஹவுஸில் ரோஜா வளர்ப்பவர்களுக்கு வெப்பம் தேங்குவது தெரியாததல்ல. வெயில் ஏறினால் பக்கத் திரையைச் சுருட்டிவிடுவார்கள், சூடு காற்றோடு போய்விடும். பூமியின் வெப்பம் விண்வெளிக்குக் கதிராக மட்டுமே போக முடியும். சுருட்டிவிட அங்கே திரை கிடையாது. 1975இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ராமநாதனின் கட்டுரை, மூலக்கூறுக்கு மூலக்கூறு ஒப்பிட்டால் இந்த வாயுக்கள் கரியமில வாயுவைவிடப் பத்தாயிரம் மடங்குக்கும் மேல் வீரியம் உள்ளவை என்று உணர்த்தியது. காற்றில் நூறு கோடியில் ஓரிரு பங்கே இருக்கும் பொருள் உலக வெப்பநிலையை மாற்றும் என்பதை அன்று ஏற்றுக்கொள்வது எளிதாக இருக்கவில்லை. 1985இல் சிசரோன், சிங், கீல் ஆகியோருடன் சேர்ந்து, மீத்தேன், நைட்ரஸ் ஆக்சைடு உள்ளிட்ட சிற்றளவு வாயுக்கள் எல்லாம் சேர்ந்தால் கரியமில வாயுவுக்கு ஈடான வெப்பத்தைக் கூட்டும் என்று காட்டினார்.

கொலராடோவின் தேசிய வளிமண்டல ஆய்வு மையத்தில் இருந்த ஆண்டுகளில், அங்கே உருவான பொதுக் காலநிலை மாதிரிக்குக் கதிர்வீச்சுக் கணக்கை வகுத்தவர்களில் இவரும் ஒருவர். காலநிலை மாதிரி என்பது பூமியைப் பெட்டி பெட்டியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் காற்று, ஈரம், வெப்பம் எப்படி மாறுகின்றன என்று இயற்பியல் சமன்பாடுகளைக் கணினியில் ஓட்டிப் பார்ப்பது. 1980களின் தொடக்கத்தில் அந்த மாதிரியின் ஒரு பெட்டி நம் அட்சரேகையில் ஏறக்குறைய 500 கிலோமீட்டருக்கு 800 கிலோமீட்டர். மங்களூரும் சென்னையும் ஒரே பெட்டிக்குள் அடங்கிவிடும். இன்றைய உலக மாதிரிகள் பலவற்றில் ஒரு பெட்டி 100 கிலோமீட்டர் அளவு. அப்படியும் பெங்களூரு, ஓசூர், கிருஷ்ணகிரி மூன்றும் ஒரே எண்ணாகத்தான் நிற்கும். பெங்களூரு பக்கம் மழை வலுத்தால் தென்பெண்ணை ஆற்றில் வெள்ளமும் நுரையும் சேர்ந்து வரும் ஓசூர் கெலவரப்பள்ளி அணைக்கு இந்த வாரம் எத்தனை கனஅடி வரும் என்று கேட்டால் இத்தகைய மாதிரி பதில் சொல்லாது. அது வேறு கருவிகளின் வேலை. நாற்பது ஆண்டு போக்கைத்தான் இதனிடம் கேட்க வேண்டும்.

அப்படிக் கேட்டு வாங்கிய பதில் ஒன்று பலித்தது. 1980இல் ரோலண்ட் மேடனும் ராமநாதனும், கரியமில வாயுவால் ஏறும் வெப்பம் இயற்கையான ஏற்ற இறக்கங்களைத் தாண்டி 2000ஆம் ஆண்டு வாக்கிலாவது கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று எழுதினார்கள். முந்தைய ஐம்பது ஆண்டு வெப்ப உயர்வில் பெரும்பகுதிக்குப் பசுங்குடில் வாயுக்களே காரணமாக இருக்கக்கூடும் என்று ஐ.நா.வின் பன்னாட்டுக் காலநிலைக் குழு அறிவித்தது 2001இல்.

மேகத்தை மாதிரியில் எப்படிச் சேர்ப்பது என்பது அப்போது தீராத சிக்கல். அது வெயிலைத் திருப்பி அனுப்பிக் குளிர்விக்கவும் செய்யும், கீழிருந்து வரும் வெப்பத்தைத் தடுத்துச் சூடாக்கவும் செய்யும். எது அதிகம்? 1984 அக்டோபரில் சேலஞ்சர் விண்ணோடத்திலிருந்து சாலி ரைடு இயந்திரக் கையால் விடுவித்த புவிக்கதிர்வீச்சுச் செயற்கைக்கோள் தந்த அளவீடுகளை வைத்து, 1989இல் ராமநாதன் குழு பதில் சொன்னது: நிகரமாகக் குளிர்ச்சிதான், சதுர மீட்டருக்குச் சுமார் 13 வாட். இரண்டு ஆண்டு கழித்து, வெப்பமண்டலக் கடலின் சூடு ஓர் அளவுக்கு மேல் போகாமல் உயர்ந்த கீற்று மேகங்களே தடுக்கின்றன என்றொரு கருதுகோளை முன்வைத்தார். அது இவ்வளவு நன்றாக எடுபடவில்லை. காற்றோட்டத்தின் பங்கை அது சரியாகக் கணக்கில் எடுக்கவில்லை என்று பலர் மறுத்தார்கள்.

1990இல் கலிஃபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்துக்கு மாறியபின், நோபல் பரிசு பெற்ற பால் குருட்சனுடன் சேர்ந்து அவர் நடத்திய இந்தியப் பெருங்கடல் ஆய்வுதான் நம் ஊருக்கு மிக நெருக்கமானது. 1999 ஜனவரி முதல் மார்ச் வரை விமானங்கள், கப்பல்கள், மாலத்தீவின் காஷிதூ தீவில் ஓர் அளவீட்டு நிலையம் என இருநூறுக்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் ஈடுபட்டார்கள். இந்தியாவின் ‘சாகர் கன்யா’ கப்பலும் போயிற்று. தெற்காசியாவிலிருந்து வாடைக்காற்று கடலுக்கு மேல் தள்ளிக்கொண்டு போகும் புகைமண்டலம் ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் தடிமனுக்குப் பரந்து கிடந்தது. விறகு, வறட்டி, டீசல், நிலக்கரி எல்லாவற்றின் கரியும் அதில் இருந்தது. கடல் மேற்பரப்புக்கு வரவேண்டிய வெயிலில் ஏறக்குறைய 10 விழுக்காட்டை அது குறைத்தது; அதே நேரத்தில் காற்றைச் சூடாக்கியது. கடல் ஆவியாவது குறைந்தால் மழையும் குறையும். அடுத்து 2005இல் வந்த மாதிரிக் கணக்கு, இந்தப் புகை நீடித்தால் வரும் பத்தாண்டுகளில் வறட்சி இருமடங்கு அடிக்கடி வரலாம் என்றது.

ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2002இல் இதை ‘ஆசியப் பழுப்பு மேகம்’ என்று அறிவித்தபோது இந்தியாவில் எதிர்ப்புக் கிளம்பியது. ராமநாதன் படித்த அதே இந்திய அறிவியல் கழகத்திலிருந்து ஜே. சீனிவாசனும் சுலோசனா காட்கிலும் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் மறுப்பு எழுதினார்கள். பருவமழையின் மீது புகையின் விளைவைச் சொல்லச் சான்று போதாது, குளிர்கால அளவீட்டை வைத்துத் தென்மேற்குப் பருவமழைக்குத் தீர்ப்பு எழுத முடியாது என்பது அவர்கள் வாதத்தின் சாரம். நியாயமான வாதம். பிறகு அந்தப் பெயரிலிருந்து ‘ஆசிய’ நீக்கப்பட்டு ‘வளிமண்டல’ ஆயிற்று. ராமநாதன் 2006 மார்ச்சில் மாலத்தீவில் மூன்று ஆளில்லா விமானங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பறக்கவிட்டு, மேகத்துக்கு மேலும் உள்ளும் கீழும் ஒரே நேரத்தில் அளந்தார். கரி கலந்த காற்று வெயிலால் சூடாவது 50 விழுக்காடு கூடுகிறது என்று கிடைத்தது. கரித்துகளின் உலகளாவிய பங்கு பற்றி 2008இல் அவர் கிரிகரி கார்மைக்கேலுடன் தந்த பெரிய மதிப்பீட்டைப் பின்னாளைய அறிக்கைகள் வெகுவாகக் குறைத்துவிட்டன.

மாதிரியோடு நிற்காமல் விறகடுப்பை மாற்றும் ‘சூர்யா’ திட்டத்தை உத்தரப் பிரதேசக் கிராமங்களில் தொடங்கினார். 2004 முதல் வத்திக்கானின் அறிவியல் கழக உறுப்பினர். 2014இல் போப் பிரான்சிஸிடம் காலநிலை பற்றி இரண்டு மூன்று வாக்கியங்களில் பேசக் கிடைத்த வாய்ப்பு ஒரு வாகன நிறுத்துமிடத்தில். டைலர் பரிசு (2009), ஜேம்ஸ் ஹான்சனுடன் பகிர்ந்த தாங் பரிசு (2018), இலங்கையின் மோகன் முனசிங்கவும் பெற்ற நீலக்கோள் பரிசு (2021) ஆகியவை இவருக்குக் கிடைத்தவற்றில் சில.

இருந்தும் இவருடைய ஆய்வுகளில் நீண்ட பயன் தந்தது 1975ஆம் ஆண்டுக் கட்டுரை என்றே சொல்ல வேண்டும். ஓசோனைக் காக்க 1987இல் எழுதப்பட்ட மான்ட்ரியல் ஒப்பந்தம் குளோரோஃப்ளூரோகார்பனை ஒழித்தபோது, புவி வெப்பமாவதில் ஒரு பங்கையும் சேர்த்தே தடுத்தது. மாற்றாக வந்த ஹைட்ரோஃப்ளூரோகார்பன்கள் ஓசோனைத் தொடவில்லை, ஆனால் வெப்பத்தைப் பிடித்தன. அவற்றைக் குறைக்க 2016இல் கிகாலியில் உடன்பாடு ஏற்பட்டது. இந்தியா 2021இல் அதை ஏற்றது. அதன்படி இங்கே ஏ.சி., குளிர்பதனப் பெட்டிகளில் புழங்கும் இந்த வாயுக்களை 2032 முதல் படிப்படியாகக் குறைத்து, 2047க்குள் 85 விழுக்காட்டை விலக்க வேண்டும்.