பன்முகச் சைட்டோக்கைன் அளவீடு

பன்முகச் சைட்டோக்கைன் அளவீடு என்பது குருதி நீர்மம், உமிழ்நீர், மூளைத் தண்டுவட நீர்மம் முதலிய உடல் நீர்மங்களிலுள்ள பல சைட்டோக்கைன்களை ஒரே மாதிரியிலிருந்து ஒரே நேரத்தில் அளவிடும் ஆய்வக முறையாகும். நோயெதிர்ப்பு உயிரணுக்கள் தமக்குள் செய்தி பரிமாறப் பயன்படுத்தும் சிறு புரதங்களே சைட்டோக்கைன்கள். இன்டர்லியூக்கின்கள், இன்டர்ஃபெரான்கள், கீமோக்கைன்கள் ஆகியன இவற்றுள் அடங்கும். இவை பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டருக்குச் சில பிக்கோகிராம் என்னும் அளவிலேயே காணப்படுகின்றன. ஒரு பிக்கோகிராம் என்பது ஒரு கிராமின் இலட்சம் கோடியில் ஒரு பங்காகும்.

தேவை

1971இல் அறிமுகமான எலைசா முறையில் ஒரு குழியில் பொதுவாக ஒரு புரதத்தை மட்டுமே அளவிடலாம். எனவே, இருபது புரதங்களை அளக்க இருபது முறை மாதிரி தேவைப்படும். சிறு குழந்தைகளிடமிருந்து அவ்வளவு குருதி எடுப்பது கடினம். பன்முக முறைக்கு வழக்கமாக 25 முதல் 50 மைக்ரோலிட்டர் மாதிரியே போதுமானது.

செயல்முறை

பரவலாகப் பயன்படும் லுமினெக்ஸ் முறையில் நுண்மணிகள் பயன்படுத்தப்படுகின்றன. இரு சாயங்களைப் பத்துப் பத்துச் செறிவுகளில் கலப்பதால் நூறு வகை மணிகள் கிடைக்கின்றன. ஒவ்வொரு வகையின் மேலும் ஒரு குறிப்பிட்ட சைட்டோக்கைனைப் பற்றும் பிறபொருளெதிரி பூசப்பட்டிருக்கும். மாதிரியுடன் கலந்தபின், ஒளிரும் சாயம் இணைந்த இரண்டாம் பிறபொருளெதிரி சேர்க்கப்படும். மணியின் நிறம் எந்தப் புரதம் என்பதையும், ஒளிர்வின் வலிமை அதன் அளவையும் காட்டும்.

சென்னையில் காசநோய் ஆய்வு

1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தற்போது தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் எனப்படுகிறது. இன்டர்ஃபெரான் காமாவை மட்டும் அளக்கும் குருதிச் சோதனையால், உடலில் உறங்கும் காசநோய்த் தொற்றையும் முற்றிய நோயையும் வேறுபடுத்த இயலாது. எனவே, இந்நிறுவனமும் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனமும் இணைந்து பல புரதங்களை ஒருங்கே அளந்து ஆராய்ந்தன. நோயின் கடுமை, கிருமிகளின் அளவு ஆகியவற்றுடன் சில கீமோக்கைன்களுக்குத் தொடர்புண்டு என 2019இல் வெளியான ஆய்வு காட்டியது. சிறாரால் சளியை எளிதில் வெளியேற்ற இயலாது என்பதால், குருதியில் மூன்று சைட்டோக்கைன்களைச் சேர்த்து அளந்து அவர்களின் காசநோயைக் கண்டறியும் முயற்சி 2021இல் வெளியானது.

குறைபாடுகள்

ஒரு பிறபொருளெதிரி வேறொரு புரதத்துடனும் இணையக்கூடும். மாதிரியைத் திரும்பத்திரும்ப உறையவைத்து உருக்கினால் சில புரதங்கள் சிதையும். வெவ்வேறு நிறுவனங்களின் சோதனைத் தொகுதிகள் ஒரே மாதிரிக்கு வெவ்வேறு எண்களைத் தரலாம். இதனால் ஓர் ஆய்வகத்தில் பெற்ற எல்லை மதிப்பை மற்றோர் ஆய்வகத்தில் அப்படியே பயன்படுத்த இயலாது. காசநோயை உறுதிசெய்யச் சளியில் கிருமியையோ அதன் மரபுப்பொருளையோ தேடும் சோதனைகளே முதன்மையாகப் பயன்படுகின்றன.