கிர்பானும் பாடசாலை வாசலும்

2021 மே 6ஆம் திகதி சிட்னியின் வடமேற்கிலுள்ள கிளென்வூட் உயர்நிலைப் பாடசாலையில் 16 வயது மாணவன் ஒருவன் கத்திக்குத்துக்கு இலக்காகி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டான். குத்தியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டவனுக்கு வயது 14. பயன்படுத்தப்பட்டதாகச் சொல்லப்பட்டது ஒரு கிர்பான். இரு வாரங்கள் கழியுமுன், மே 19 முதல், நியூ சவுத் வேல்ஸ் அரச பாடசாலைகளில் கிர்பான் தடைசெய்யப்பட்டது.

இம்மாநிலத்தின் 1988ஆம் ஆண்டுச் சிறுகுற்றங்கள் சட்டம் அப்போது பொது இடத்திலும் பாடசாலையிலும் கத்தி வைத்திருப்பதைக் குற்றமாக்கியிருந்தது. ஆனால் 'உண்மையான மத நோக்கம்' நியாயமான காரணங்களுள் ஒன்றாக அச்சட்டத்திலேயே ஏற்கப்பட்டிருந்தது. சட்டம் கொடுத்திருந்ததை நிர்வாக உத்தரவு ஒன்று சில நாட்களில் எடுத்துக்கொண்டது. சிறுபான்மையினரின் உரிமைகள் எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகின்றன என்பதை நாம் கொழும்பில் கற்றவர்கள். எனினும் இவ்விடயத்தை 'அரசு எதிர் சிறுபான்மை' என்ற பழகிய சூத்திரத்துள் அடக்கிவிட முடியாது. காயப்பட்ட சிறுவனும் யாரோ ஒரு தாயின் பிள்ளைதான்.

கிர்பானுக்கும் சட்டத்துக்குமான முரண்பாடு அவுஸ்திரேலியாவில் தோன்றியதல்ல. 1699இல் குரு கோபிந்த் சிங் கால்சாவை நிறுவியதிலிருந்து தீட்சை பெற்ற சீக்கியர், ஆண் பெண் இருபாலாரும், உடலோடு வைத்திருக்க வேண்டிய ஐந்து அடையாளங்களுள் ஒன்று அது. பிரித்தானியரின் 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கண்ணில் அது வெறும் வாள். எதிர்ப்புக் கிளம்பவே 1914இல் பஞ்சாபில் விலக்களிக்கப்பட்டது. ஆனால் கிர்பான் எவ்வளவு நீளம் இருக்கலாம் என்ற கேள்வி தீரவில்லை. 1920களின் தொடக்கத்தில், குருத்வாராக்களை மகந்துகளின் பிடியிலிருந்து மீட்கும் இயக்கம் எழுந்தபோது, நீண்ட கிர்பான் அணிந்த பலர் சிறை சென்றனர். குடியேற்ற அரசு அஞ்சியது இரும்புக்கு மட்டுமன்று, அதை அணிந்தவர்கள் ஒன்றுசேர்வதற்கும்தான். 1950இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பின் 25ஆவது உறுப்புரை, கிர்பான் அணிவதும் கொண்டுசெல்வதும் சீக்கிய மத ஒழுக்கத்தின் பகுதி என்று வெளிப்படையாகவே எழுதிக்கொண்டது.

பாடசாலை வாசலில் இக்கேள்வி மிக விரிவாக ஆராயப்பட்டது கனடாவிலாகும். 2001இல் மொன்றியலில் ஒரு சீக்கிய மாணவனின் கிர்பான் பாடசாலை முற்றத்தில் தவறி விழுந்தது. ஏறத்தாழ நான்காண்டு வழக்காடலின் பின், 2006 மார்ச்சில், முழுமையான தடை மத சுதந்திரத்தை மீறுகிறது என்று கனடிய உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. மர உறையிலிட்டு, துணியால் தைத்து, ஆடையின் உள்ளே அணியலாம் என்பது கீழ்நீதிமன்றம் விதித்திருந்த நிபந்தனை. பாடசாலையில் கத்தரிக்கோலும் கவராயமும் பேஸ்போல் மட்டையும் இருக்கத்தானே செய்கின்றன என்பது ஒரு வாதம். கனடாவில் சீக்கியப் பிள்ளைகள் பாடசாலை சென்ற நூறு ஆண்டுகளில் கிர்பானால் ஒரு வன்முறைச் சம்பவமும் பதிவாகவில்லை என்பது மற்றையது.

கிளென்வூட்டின் பின் இரண்டாவது வாதத்தை இங்கே யாரும் கூச்சமின்றிச் சொல்ல முடியாது. 'ஒருபோதும் நடந்ததில்லை' என்பதன் மேல் கட்டப்படும் உரிமை, ஒருமுறை நடந்ததும் இடிந்து விழும். ஆகவே கேள்வியை வேறுவிதமாகக் கேட்க வேண்டும். ஆபத்தை நீக்க நம்பிக்கையையே நீக்கத்தான் வேண்டுமா, அல்லது கூர்மையை நீக்கினால் போதுமா?

நியூ சவுத் வேல்ஸில் விடை நீதிமன்றத்தில் கிடைக்கவில்லை, பேச்சுவார்த்தையில் கிடைத்தது. கூர்முனையும் வெட்டும் விளிம்பும் இல்லாத சிறிய கிர்பானை, உறையிலிட்டு, உடையின் உள்ளே அணியலாம் என்று 2021 ஆகஸ்டில் அரசு அறிவித்தது. சீக்கிய அமைப்புகள் இதற்கு இணங்கின. மதத்தை மாறாத கல்லாகப் பார்க்கும் மதவாதியும் மதசார்பின்மைவாதியும் ஒருசேரக் கவனிக்க வேண்டிய இடம் இது. மரபு தன்னைத் தானே திருத்திக்கொள்ள இடம் கொடுக்கப்பட்டபோது அது திருந்தியது.

நீதிமன்றம் ஏன் உதவவில்லை என்பதும் விளங்கிக்கொள்ளப்பட வேண்டும். அவுஸ்திரேலிய அரசியலமைப்பின் 116ஆவது பிரிவு மத சுதந்திரம் பற்றிப் பேசுகிறது. ஆனால் அது கூட்டாட்சி அரசை மட்டுமே கட்டுப்படுத்தும், பாடசாலைகளை நடத்தும் மாநிலங்களை அல்ல. குயின்ஸ்லாந்தின் 1990ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் பாடசாலையில் மத நோக்கத்தை நியாயமான காரணமாக ஏற்க மறுத்தது. ஒரு சீக்கியப் பெண் அதை எதிர்த்து வழக்காடினார். முதலில் தோற்றார். 2023 ஆகஸ்டில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவ்விதி செல்லாது என்றது. செல்லுபடியற்றதாக்கியது மத சுதந்திரம் அல்ல, 1975ஆம் ஆண்டின் இனப்பாகுபாட்டுச் சட்டம். சீக்கியர் ஒரு மதத்தினராக வாசலில் நின்றபோது கதவு மூடியிருந்தது, ஓர் இனமாக வந்தபோது திறந்தது. இனமாக ஏற்கப்படாத மதத்தினருக்கு அந்தக் கதவு இல்லை.

மெல்பேர்ண் நிலைமை சற்று வேறு. விக்ரோறியாவின் சமவாய்ப்புச் சட்டம் மதத்தின் அடிப்படையிலான பாகுபாட்டை நேரடியாகவே தடுக்கிறது. மெல்ற்றன் கிறிஸ்தவக் கல்லூரி சீருடை விதியைக் காட்டி, தலைப்பாகை அணிந்த ஐந்து வயதுச் சிறுவனைச் சேர்க்க மறுத்தபோது, 2017இல் மாநிலத் தீர்ப்பாயம் அது சட்டத்துக்கு முரணானது என்றது. அங்கே கத்தி இல்லை, துணி மட்டுமே இருந்தது. பாதுகாப்பு என்ற சொல் இல்லாதபோதும் வாசல் மூடப்படலாம் என்பதற்கு அச்சிறுவன் சாட்சி.

இனி எம்மைப் பற்றி. வென்ற்வேர்த்வில்லிலும் பெண்டில் ஹில்லிலும் வாழும் தமிழரிடம் கேட்டால் பெரும்பாலோர் சீக்கியரின் பக்கம் நிற்பதாகவே சொல்வர். எமது பிள்ளையின் திருநீற்றையோ பொட்டையோ யாரும் அழிக்கச் சொன்னால் நாம் கொதித்தெழுவோம். ஆனால் 2018இல் திருகோணமலை சண்முகா இந்து மகளிர் கல்லூரி வாசலில் நின்றவர்கள் யார்? முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா அணிந்து வரக்கூடாது, எமது பாடசாலையின் பண்பாடு சேலைதான் என்று பதாகை பிடித்தவர்கள் தமிழர்கள். அவ்வாசிரியைகள் இடமாற்றப்பட்டனர். இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழு அவர்களது பக்கம் நியாயத்தைக் கண்ட பின்னரும், 2022இல் ஓர் ஆசிரியை திரும்பி வந்தபோது அதே வாசலில் மீண்டும் எதிர்ப்பு. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் துரத்தப்பட்டதை நினைவில் வைத்திருப்போர்க்கு இது தற்செயலான சம்பவமாகத் தெரியாது.

அபாயாவால் யாரும் குத்தப்படுவதில்லை. ஆகவே பாதுகாப்பு எனும் போர்வைகூட அங்கே தேவைப்படவில்லை. 'இது எங்கள் இடம்' என்பதே போதுமாயிருந்தது. சிட்னியில் உரிமை கேட்கும் சிறுபான்மை, தனது ஊரில் பெரும்பான்மையாகும் இடத்தில் எப்படி நடந்துகொள்கிறது என்பதில்தான் அதன் உரிமைக் கோரிக்கையின் உண்மை தெரியவரும்.

கிர்பானைப் பற்றிய விவாதத்தில் தயங்குவதற்கு எமக்குக் காரணங்கள் உண்டு. பதினான்கு வயதுப் பிள்ளைக்கு எதையும் தெரிவுசெய்யும் சுதந்திரம் எவ்வளவு இருக்கிறது என்பது அவற்றுள் ஒன்று. அதையும் பேசுவோம். ஆனால் அதைப் பேசும் தகுதியை நாம் பெறுவது திருகோணமலையின் அந்த வாசலைத் திறந்துவிட்ட பின்னரேயாகும்.