பூச்சிகளுக்குக் குலம் வகுத்த கதை

வண்டினை ‘அறுபதம்’ என்று வழங்கினர் நம் பழம்புலவர். ஆறு கால் என்பது எவர் கண்ணுக்கும் புலப்படும் அடையாளந்தான். ஆயினும், அந்த ஆறு காலுக்கு விலங்கியல் நூலோர் உரிய மதிப்பை அளிப்பதற்கு நெடுங்காலம் சென்றது.

கிறித்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த அரித்தோத்தில், உடல் வெட்டுண்டதுபோல் துண்டு துண்டாகத் தோன்றும் உயிர்களையெல்லாம் ஒரே தொகுதியாக்கினார். பூரானும் அதில் இடம்பெற்றது. சுவீடன் நாட்டு லின்னேயஸ் 1758 ஆம் ஆண்டில் தம் பெருநூலின் பத்தாம் பதிப்பை வெளியிட்டபோது, சிறகின் அமைப்பைக் கொண்டு பூச்சிகளை ஏழு வருணங்களாக வகுத்தார். வண்டு, வண்ணத்துப்பூச்சி, ஈ என்பன நன்கு பிரிந்தன. ஆனால் ஏழாவது வருணமோ, வீட்டில் எங்கே வைப்பதென்று தெரியாத பொருள்களைப் போட்டுவைக்கும் மூலை அறையாயிற்று. சிறகில்லாதன என்ற ஒரே காரணத்தால் பேன், தெள்ளு, சிலந்தி, தேள், பூரான், நண்டு யாவும் அங்கே குவிந்தன. கரப்பான் பூச்சியை வண்டுகளோடு சேர்த்துவிட்டார் அப்பெரியார்!

அவர் மாணவர் பபிரீசியஸ் 1775 இல் சிறகை விடுத்து வாயுறுப்புகளை அளவுகோலாகக் கொண்டார். 1801 இல் பிரான்சின் லமார்க் நண்டினத்தையும் சிலந்தியினத்தையும் பூச்சிகளினின்று பிரித்துத் தனி வகுப்புகளாக்கினார்.

இவ்வரலாற்றில் மறக்கவொண்ணாதவர் லத்ரேயில் என்னும் பிரெஞ்சுக் குருவானவர். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில், குருமார் மீது சுமத்தப்பட்ட சத்தியப்பிரமாணத்தைச் செய்யாமையால் அவர் போர்தோ நகரில் சிறையிடப்பட்டார். சிறைத் தரையில் ஊர்ந்த சிறு வண்டொன்றை அவர் உற்று நோக்கிக் கொண்டிருப்பதைக் கைதிகளைப் பார்க்க வந்த வைத்தியர் கண்டார். அஃது அரிய வண்டு என்று கேட்டறிந்து, அதனைப் போரி தெ சென் வேன்சன் என்ற பதினைந்து வயது இயற்கையாய்வாளரிடம் அனுப்பினார். லத்ரேயிலின் புலமையை அவ்விளைஞர் முன்பே அறிந்திருந்தார். அவர் முயற்சியால் விடுதலை கிடைத்தது. உடனிருந்த கைதிகள் ஒரு திங்களுக்குள் மாண்டனர் என்பர். பாரிசிலுள்ள அவர் கல்லறையில், அவரைக் காத்த வண்டு என்று அதன் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. பிணந்தின்னும் வண்டொன்று மனிதனுக்கு உயிரளித்தது விந்தையன்றோ?

உயிர் தப்பியவர் 1796 இல் வெளியிட்ட நூலிலேயே, ஓர் உறுப்பை மட்டும் நம்பாது உடலமைப்பு முழுவதையும் சீர்தூக்கி வகுக்கும் முறை உருப்பெற்றது.

அதன் பின்னரும் சிக்கல் தீர்ந்தபாடில்லை. ஈர மண்ணில் வாழும் துள்ளுவாலிகளுக்கு ஆறு கால் உண்டு; ஆனால் வாயுறுப்புகள் தலைக்குள்ளே ஒடுங்கியிருக்கும். 1907 இல் இத்தாலியரான சில்வெஸ்திரி விவரித்த நுண்ணுயிர்க்கோ கண்ணுமில்லை, உணர்கொம்புமில்லை. முன்னங்கால்கள் இரண்டையும் கொம்புபோல் உயர்த்திக்கொண்டு ஏனைய நான்கினாலேயே நடக்கும்! இத்தகையனவற்றைப் பூச்சி வகுப்பினின்று விலக்கி, பூச்சிகளையும் இவற்றையும் ஒருங்கே தழுவும் ‘அறுகாலிகள்’ என்னும் பெருந்தொகுதியுள் வைப்பதே இன்றைய பெருவழக்கு.

பூச்சிக்கு நெருங்கிய உறவு பூரானே என்று நெடுங்காலம் கருதினர். இரண்டுக்கும் காற்றுக் குழாய்களே மூச்சுறுப்பு, உணர்கொம்பும் ஓரிணையே. நண்டுக்கோ ஈரிணை. ஆயின் 2010 இல் 62 மரபணுக்களை ஒப்பிட்டு வெளிவந்த ஆய்வு, நண்டு, இறால் முதலியவற்றின் பெருங்குலத்திலிருந்து தரையேறிய ஒரு கிளையே அறுகாலிகள் என்பதை வலியுறுத்தியது. லமார்க் பிரித்துவைத்த நண்டு மீண்டும் சுற்றமாயிற்று.

தொல்காப்பிய மரபியலும் நண்டையும் தும்பியையும் நான்கறிவுயிர்களென ஒருங்கே கூறும். அது புலனறிவு பற்றிய பகுப்பு. மரபணுவை முன்னரே கண்டனர் என்று நாம் பெருமை பேசுதல் பொருந்தாது. மூவறிவுடையன என்று அந்நூல் இணைத்துரைக்கும் கறையானும் எறும்பும் உண்மையில் வேறு வேறு குலத்தன. எறும்பு குளவியின் சுற்றம். கறையானோ கரப்பானின் ஒரு கிளையே என்பதை 2007 இல் வெளிவந்த மரபணு ஆய்வு உறுதிசெய்தது; அதற்கெனத் தனியே இருந்த வருணமும் கரப்பானின் வருணத்துள் அடங்கிவிட்டது.